கொழும்புப் பல்கலைக்கழக அணியில் சேர: புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டீர்கள். பாடசாலையில் விளையாடியவராக இருப்பீர்கள், அல்லது உயர்தரப் பரீட்சையைக் காட்டி வீட்டில் மறிக்கப்பட்டவராக இருப்பீர்கள். இங்கே வந்தபிறகாவது ஓர் அணியில் சேரவேண்டும். யாரிடம் கேட்பது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு காசு போகும், படிப்பு கெட்டுப்போகாதா என்று ஆயிரம் கேள்விகள். மட்டக்களப்பில் உதைபந்து அடித்துவிட்டு வந்து, கம்பஸில் ஹொக்கி மட்டையோடு பட்டம் முடித்தவன் நான். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலைத் துண்டுதுண்டாக, ஒவ்வொருவரிடமாகக் கேட்டுப் பொறுக்கினேன். தமிழில் ஒரே இடத்தில் இருந்தால் உங்களுக்கு அந்த அலைச்சல் இராது என்பதால் எழுதுகிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஆள் சேர்வது மாலை நேரத்தில், மைதானத்தின் ஓரத்தில். கடிதமும் படிவமும் பிறகுதான் வரும். ஆனால் வரும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்பார்கள். அதனால் கடதாசியை வீட்டிலேயே தயார்செய்துகொண்டு, பிறகு மைதானத்தில் காலடி எடுத்துவையுங்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அதற்குள் இவை இருக்கட்டும்: தேசிய அடையாள அட்டையின் பிரதிகள், பிறப்புச் சான்றிதழின் பிரதி, கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், பாடசாலைக் காலத்து விளையாட்டுச் சான்றிதழ்கள். மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று போனவர்கள் மூலப்பிரதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, உறுதிப்படுத்திய பிரதிகளை மட்டும் கொண்டுவாருங்கள். போர்டிங் அறையில் கூரை ஒழுகி நனைந்துபோன சான்றிதழ்களைக் கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கைபேசியில் ஸ்கேன் செய்து, உங்களுக்கே மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டு, உயர்தரப் பெறுபேற்றில் இன்னொன்று. ஒன்றில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், மற்றதில் முழுப்பெயராகப் பின்னால் நிற்கும். அணிப் பட்டியல் எழுதுபவர் உங்கள் பெயரைக் காதால் கேட்டுத் தன் மொழியில் எழுதுவார், அதைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டுவார். கடைசியில் சான்றிதழில் இருப்பவர் வேறு யாரோ. ஆகவே பல்கலைக்கழகப் பதிவில் எந்த எழுத்துக்கூட்டைக் கொடுத்தீர்களோ அதையே ஒரு சிறு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். பெயர் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லாமல் தாளை நீட்டுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும். பரவாயில்லை.

பதிவின்போது கேட்கப்படும் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் சும்மா நிரப்பவேண்டாம். ஆஸ்துமா, இதயத்தில் சத்தம், பழைய எலும்பு முறிவு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அணியில் எடுக்கமாட்டார்கள் என்ற பயம் வீண். நாளை மைதானத்தில் மூச்சு முட்டினால் மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

இன்னும் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு குறிப்பு. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழி ஒன்றை வைத்திருக்கிறது. உயர்தரத்தில் அடிப்படைத் தகுதி இருக்கவேண்டும், தனி விண்ணப்பமும் போடவேண்டும். விவரம் ஒவ்வொரு ஆண்டும் வரும் அனுமதிக் கைந்நூலில் இருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

2. ஏணி எப்படி இருக்கிறது

கீழ்ப்படி, புதுமுக மாணவர்களுக்கான போட்டிகள். பேச்சு வழக்கில் ‘ஃபிரெஷர்ஸ்’. அதே வருடம் உள்ளே வந்தவர்கள் பீடத்துக்குப் பீடம் மோதுவார்கள். அடுத்தது எல்லா வருடத்தாரும் சேர்ந்து ஆடும் பீடங்களுக்கிடையிலான போட்டி. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் சூடு இதில்தான் இருக்கும். சட்டம், மருத்துவம், விஞ்ஞானம், கலை, முகாமைத்துவம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அதற்கு மேலே பல்கலைக்கழக அணி. நாட்டிலுள்ள மற்ற அரச பல்கலைக்கழகங்களோடு மோதுவது இந்த அணிதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா விளையாட்டுகளும் சேர்ந்து வரும் பெரிய விழாவை ‘ஸ்லக்’ (இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்பார்கள், இடைப்பட்ட காலத்தில் நடக்கும் சிறிய போட்டிகள் ‘மினி ஸ்லக்’. இவற்றில் சாதித்தவர்களுக்கு வர்ண இரவு என்ற விருது விழாவில் வர்ணம் (‘கலர்ஸ்’) என்ற விருது கிடைக்கும்.

இதில் நீங்கள் கணக்குப் பார்க்கவேண்டியது காலத்தை. பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு, மருத்துவம் ஐந்து. மூன்று வருடக்காரர் இரண்டாம் வருடம் வரை யோசித்துக்கொண்டிருந்தால் அவர் படிக்கும் காலத்தில் ஒரு பெரிய விழாகூட வராமல் போகலாம். ஃபிரெஷர்ஸைத் தவறவிட்டால் அது திரும்ப வராது, ஆயுளில் ஒருமுறைதான். ஆனால் அதைத் தவறவிட்டதால் பல்கலைக்கழக அணியின் கதவு மூடிவிடாது. ‘ஃபிரெஷர்ஸ் விளையாடாதவரை எடுப்பதில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

3. எந்த விளையாட்டு?

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் மனமுடைந்து அறைக்குத் திரும்புகிறார்கள்.

கொழும்பின் பெரிய பாடசாலைகளிலிருந்து வருபவர்கள் கிரிக்கெட்டிலும் றக்பியிலும் கூடைப்பந்திலும் நீச்சலிலும் பத்து வயதிலிருந்து பயிற்சி எடுத்தவர்கள். ஒருவரையொருவர் பாடசாலைக் காலத்திலிருந்தே தெரியும். நீங்கள் ஊரில் மென்பந்துக் கிரிக்கெட்டில் மன்னனாக இருந்திருப்பீர்கள். இங்கே கடினப் பந்து. வடக்கின் சமர் என்ற யாழ்ப்பாணப் பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆடியவர்களுக்கு அது புதிதில்லை, மற்றவர்களுக்கு முதல் வாரமே விரல் வீங்கும். கிரிக்கெட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். ஆனால் அது ஒன்றையே பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் சுமந்து மூன்று வருடத்தையும் கழிக்கவேண்டாம்.

பாடசாலைகளில் அதிகம் இல்லாத, ஆனால் பல்கலைக்கழகங்களுக்கிடையே பதக்கம் உள்ள விளையாட்டுகள் இருக்கின்றன: படகு வலித்தல், பேஸ்போல், எல்லே, மல்யுத்தம், பளுதூக்கல், டைக்குவாண்டோ, ஹொக்கி. இவற்றில் பெரும்பாலோர் முதல் வருடத்தில்தான் தொடங்குகிறார்கள், எல்லோருக்கும் ஒரே கோடு. பயிற்றுநர் அடிப்படையிலிருந்து சொல்லித்தருவார். மென்பந்தில் பழகிய கண்ணும் கையும் எல்லேக்கும் பேஸ்போலுக்கும் அப்படியே உதவும். கபடி ஆடியவர் மல்யுத்தம் பக்கம் எட்டிப் பார்க்கலாம். உயரமும் நீண்ட கையும் உள்ளவர்களைப் படகுக்காரர்கள் தாங்களாகவே தேடிவருவார்கள். ஒரே நிபந்தனை, நீந்தத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கவேண்டாம்.

கரப்பந்து, வலைப்பந்து, உதைபந்து, கரம், சதுரங்கம், மேசைப்பந்து போன்றவற்றில் தமிழ் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வருகிற நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வீதி ஓட்டமும் 5,000, 10,000 மீற்றரும் திறந்தே கிடக்கின்றன. மெய்வல்லுநர் போட்டிகளில் அரசியல் குறைவு. கடிகாரத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது.

என் யோசனை: முதல் இரண்டு மூன்று வாரங்களில் இரண்டு விளையாட்டுக்குப் போங்கள். ஒன்று உங்களுக்குத் தெரிந்தது, மற்றது முற்றிலும் புதியது. எதில் பயிற்றுநர் உங்கள் பெயரைக் கேட்டு ஞாபகம் வைக்கிறாரோ அதில் தங்குங்கள். மூன்றுக்கு மேல் போனால் எந்த அணித்தலைவரும் உங்களை நம்பமாட்டார்.

4. முதல் மாலை

மைதானம் றீட் அவென்யூவில் இருக்கிறது. இந்த வீதிக்கு இன்று பிலிப் குணவர்தன மாவத்தை என்று பெயர். பக்கத்துத் தேர்ஸ்டன் வீதி, குமாரதுங்க முனிதாச மாவத்தை. கடிதங்களில் புதுப் பெயர் இருக்கும், பஸ் கொண்டக்டரும் ஆட்டோக்காரரும் பழைய பெயரில் பேசுவார்கள். இரண்டையும் தெரிந்துவையுங்கள். புறக்கோட்டையிலிருந்தும் மஹரகம, ஹோமாகம பக்கமிருந்தும் வருபவர்களுக்கு 138 பஸ். ‘கம்பஸ்’ என்றால் போதும், இறக்கிவிடுவார்கள். வெள்ளவத்தையில் தங்கியிருப்பவர்கள் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தி வரை வந்து, அங்கிருந்து தும்முல்ல பக்கம் பிடிக்கலாம். மாலையில் அந்தக் கொஞ்சத் தூரத்துக்கே அரை மணி நேரம் போய்விடும். காலில் தெம்பிருந்தால் நடப்பதுதான் கெட்டித்தனம்.

கலை, சட்டம், விஞ்ஞானம், முகாமைத்துவம், கணினிக் கற்கைகளுக்கு மைதானம் காலடியில். மருத்துவ பீடம் கின்சி வீதியில், சமாளிக்கலாம். கஷ்டம் பிட்டிபனவில் இருக்கும் தொழினுட்ப பீடத்தாருக்கும் ஹொறணையில் இருக்கும் ஸ்ரீபாலி வளாகத்தாருக்கும்தான். விரிவுரை முடிந்து பஸ் ஏறினால் வெளிச்சம் போனபிறகுதான் வந்துசேர்வீர்கள். வாரநாள் முழுக்க வருவேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். எந்த இரண்டு நாள் வரமுடியும், வாரஇறுதியில் வரமுடியுமா என்று முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்களுக்கு ஹோமாகமவுக்குப் பக்கத்திலேயே தியகமவில் செயற்கைத் தடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயிற்சி பெரும்பாலும் நான்கு மணியளவில் தொடங்கி இருட்டும் வரை. சில அணிகளுக்கு விடியற்காலையிலும் உண்டு. முதல் நாள் விளையாட்டு உடுப்போடு, சப்பாத்தோடு, தண்ணீரோடு போங்கள். ‘பார்த்துவிட்டுப் போக வந்தேன்’ என்று ஜீன்ஸோடு போனால் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். உள்ளே போனதும் அணித்தலைவர் யார் என்று கேளுங்கள். பிறகு பயிற்றுநரிடம் பெயர், பீடம், வருடம், முன்பு ஆடியது எது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். மாகாணச் சான்றிதழ்களைக் கையில் விரித்துக் காட்டவேண்டாம், அவர்கள் பார்ப்பது நீங்கள் ஓடுவதை.

கிளம்பும் முன் மறக்காமல் செய்யவேண்டியது: அணியின் வட்ஸ்அப் குழுவில் உங்கள் இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். நேர மாற்றம், போட்டித் திகதி, பஸ் கிளம்பும் நேரம் எல்லாம் அதில்தான் வரும். அறிவித்தல் பலகையில் தமிழில் வரும் என்று காத்திருந்தவர்கள் போட்டி முடிந்தபிறகு செய்தி அறிந்திருக்கிறார்கள். குழுவில் சிங்களத்தில் வரும், அதுவும் ஆங்கில எழுத்தில் சுருக்கிய சிங்களத்தில். புரியாவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே ஆங்கிலத்தில் கேளுங்கள். மைதானத்தில் பிழைக்க நிறையச் சிங்களம் தேவையில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்க ‘ஹெட்ட கீயட்டத?’, கால் வலிக்கிறது என்று சொல்ல ‘ககுல ரிதெனவா’. மற்றதெல்லாம் பந்தே சொல்லித்தரும். ஒரு பருவம் முடிவதற்குள் சண்டை பிடிக்கும் அளவுக்குச் சிங்களம் வந்துவிடும், அவர்களுக்கும் நம் கெட்ட வார்த்தைகளில் சில.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு விஷயம். விடுதிக்குத் திரும்பவேண்டிய நேரம் இருக்கும். பயிற்சி இருட்டும் வரை போவதால், உடற்கல்வித் துறையிலிருந்து கடிதம் வாங்கி முதல் வாரமே விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிந்தி வந்தபிறகு கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பில்லை. போர்டிங்கில் இருப்பவர்கள் ஒரே பக்கம் போகும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடுப்பைப் பற்றித் தயக்கம் இருந்தால் பேசாமல் விலகவேண்டாம். நீண்ட டைட்ஸ், நீண்ட கை, தலையை மறைக்கும் துணி போட்டு ஆடும் வீராங்கனைகள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். நோன்பு காலத்தில் பயிற்சியைக் குறைக்கவேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே அணித்தலைவரிடம் சொல்லுங்கள். திடீரென்று காணாமல் போவதுதான் பெயரைக் கெடுக்கும்.

5. காசு

அணியில் சேரக் கட்டணம் இல்லை. மைதானம், பயிற்றுநர், பொதுவான உபகரணங்கள் பல்கலைக்கழகத்தின் செலவு. ஆனால் உங்கள் கையிலிருந்து போகாது என்று நினைக்கவேண்டாம்.

முதல் செலவு சப்பாத்து. உள்ளூர் தயாரிப்பில் ஓடுவதற்கான சாதாரண சப்பாத்தைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கலாம். இறக்குமதி என்றால் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். முதல் மாதத்தில் உள்ளூர்ச் சப்பாத்தே போதும். எந்த விளையாட்டில் தங்குவது என்று முடிவாகாமல் ஆணிச் சப்பாத்து வாங்கவேண்டாம். ஓட்டக்காரர்கள் ஸ்பைக்ஸ் வாங்கும்போது ஆணியின் நீளத்தைப் பாருங்கள்: செயற்கைத் தடத்தில் 9 மில்லிமீற்றருக்கு மேல் அனுமதியில்லை, உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12. புல்லுக்கென்று வாங்கிய நீண்ட ஆணியோடு சுகததாச விளையாட்டரங்குக்குப் போனால் வாசலிலேயே கழற்றவேண்டிவரும். பட்டம் முடித்துப் போகும் சீனியர்மார் நல்ல சப்பாத்தையும் மட்டையையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள், கேட்டுவையுங்கள்.

இரண்டாவது, உடம்போடு ஒட்டியவை. ஹொக்கி மட்டையும் கிரிக்கெட் காற்காப்பும் பொதுப் பையில் இருக்கும். பல்லுக்குப் போடும் காப்பு, கிரிக்கெட் காரரின் இடுப்புக் காப்பு போன்றவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. பூப்பந்துக்காரர்களுக்குச் செலவு அதிகம். சிறகுப் பந்து ஒரு டியூப்பில் 12 இருக்கும், நல்ல அடி அடிப்பவர்கள் கூடினால் ஒரு மாலையில் பாதி போய்விடும். பயிற்சிப் பந்துக்கு எல்லோரும் சேர்ந்து காசு போடுவது வழக்கம்.

மூன்றாவதுதான் எல்லோரும் மறப்பது: சாப்பாடு. இரண்டு மணி நேரம் ஓடினபிறகு பிளேன்டீயும் பணிஸும் காணாது. மாதச் செலவில் சாப்பாட்டுப் பக்கத்தைக் குறைந்தது காற்பங்கு கூட்டி எழுதுங்கள். மலிவான வழி: அறையில் அவித்த முட்டை, அவித்த கடலை, வாழைப்பழம். காலைப் பயிற்சி முடிந்து எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிறவர்கள் முதல் நாள் இரவே பாண் வாங்கி வையுங்கள்.

நான்காவது, அணி உடுப்பு. ஜேர்சி, ட்ராக் சூட் என்று ஓரிரு ஆயிரமாகச் சேர்ப்பார்கள். கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் யார் சேர்க்கிறார், என்னத்துக்கு, எப்போது கிடைக்கும் என்று குழுவில் எழுதச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், வங்கி மூலம் அனுப்பினால் இன்னும் நல்லது. கையில் கொடுத்த காசுக்கு ஆளும் இல்லை, உடுப்பும் இல்லை என்ற கதை எல்லா வருடமும் ஏதோ ஓர் அணியில் நடக்கும். உண்மையிலேயே காசு இல்லாதவர்கள் பயிற்றுநரிடம் தனியாகச் சொல்லுங்கள். உதவித்தொகை முதல் தடவை கைக்கு வரச் சில மாதமாவது செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். காசில்லாததால் நல்ல ஆட்டக்காரனை விடும் பயிற்றுநரை நான் காணவில்லை.

6. நேரமும் விரிவுரையும்

பெரும்பாலான பாடங்களில் பரீட்சைக்கு இருக்க 80 சதவீத வரவு கேட்பார்கள். ஒரு பாடத்துக்கு 15 வாரம் என்றால் மூன்று நாள்தான் கையிருப்பு. அதைக் காய்ச்சலுக்கும் ஊர்க் கல்யாணத்துக்கும் செலவழித்துவிட்டுப் போட்டி வந்ததும் முழிக்கவேண்டாம்.

போட்டிக்காக விரிவுரை தவறுமானால் உடற்கல்வித் துறையிலிருந்து கடிதம் வாங்கலாம். கடிதத்தைப் போட்டிக்கு முன்னரே வாங்கி, துறைத் தலைவருக்கு ஒரு பிரதி, பாடத்தை நடத்தும் விரிவுரையாளருக்கு ஒரு பிரதி, உங்கள் கோப்புக்கு ஒன்று. கொடுத்த பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆய்வுகூட வகுப்புகளுக்குத் தனியாகப் பேசவேண்டும், ஏனென்றால் அதைத் திரும்ப நடத்த ஆளும் பொருளும் வேண்டும். நேரில் முன்கூட்டிக் கேட்டால் அநேகமானோர் வேறு குழுவோடு செய்ய விடுவார்கள்.

இந்தக் கடிதம் வரவுக்குத்தான். முடிவுப் பரீட்சை நாளில் போட்டி வந்தால் அது தானாக விலக்குத் தராது. பரீட்சைத் திகதி வெளியானதும் போட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோதினால் அன்றைக்கே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். எழுத்தில் விலக்குக் கிடைக்காவிட்டால் பரீட்சைக்குப் போங்கள், பேச்சே இல்லை.

மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். மைதானம் சேறானால் பயிற்சி உடற்பயிற்சிக்கூடத்துக்கு மாறும் அல்லது ரத்தாகும். இடி கேட்டால் மைதானத்தில் நிற்கவேண்டாம். அந்த நாட்களைப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். மழைக்குக் காத்திருந்து படித்தே வகுப்புச் சித்தி எடுத்த ஒருவனைத் தெரியும்.

7. பகிடிவதையா, பயிற்சியா

கடுமையான பயிற்சி வேறு, பகிடிவதை வேறு. பிந்தி வந்ததற்கு மைதானத்தைச் சுற்றி இரண்டு தரம் ஓடு என்று பயிற்றுநரோ அணித்தலைவரோ எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் அது பயிற்சி. இருட்டியபிறகு மைதானத்துக்கு வெளியே, புதியவர்களை மட்டும் கூப்பிட்டு, விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஒன்றைச் செய்யச் சொன்னால் அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். அணியில் இடம் போய்விடும் என்று பயந்து பொறுக்கவேண்டாம். பயிற்றுநரிடம் சொல்லுங்கள். அவரிடம் முடியாவிட்டால் பீடாதிபதி, மாணவ ஆலோசகர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு வழி என்று படிகள் உண்டு. நல்ல அணிகளில் சீனியர்மாரே புதியவர்களை பஸ் ஏற்றிவிட்டுத்தான் போவார்கள். அணியின் தரத்தை நான் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

8. காயமும் மருந்தும்

சிறிய காயத்துக்குப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம். எலும்பு, தலை, கண் என்றால் நேராகத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு, இலவசம். அசைக்கமுடியாத நிலை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதுவும் இலவசம். மைதானத்தில் தலை அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போகவேண்டாம்.

சிகிச்சைத் துண்டு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் கோப்புக்குள் போகட்டும். காயத்தால் பரீட்சையையோ விரிவுரையையோ தவறவிட்டால் மருத்துவச் சான்றிதழைப் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி ஏற்கவேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. படுத்த படுக்கையாக இருந்தாலும் நண்பரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஜிம்மில் யாராவது தரும் பெயர் தெரியாத மாவையும் குளிசையையும் தொடவேண்டாம். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. மாதிரியில் அகப்பட்டால் ‘தெரியாமல் குடித்தேன்’ என்ற பேச்சு எடுபடாது. மருத்துவர் கொடுக்கும் ஆஸ்துமா மருந்து, தடிமன் மருந்துகளில்கூடத் தடைப் பட்டியலில் உள்ளவை இருக்கலாம், வாங்கும்போதே விளையாட்டு வீரர் என்று சொல்லுங்கள்.

9. வெளிக் கழகங்கள்

பொரளையில் பி. சரவணமுத்து மைதானத்தை வைத்திருக்கும் தமிழ் யூனியன் உட்பட, கொழும்பில் பழைய கழகங்கள் பல இருக்கின்றன. கிரிக்கெட்டில் மேலே போக நினைப்பவர்களுக்குக் கழக ஆட்டம் தேவை. உறுப்புரிமைக் கட்டணம், பயிற்சிக்கு வரச்சொல்லும் நேரம், விளையாட்டு வீரர்களுக்குச் சலுகை உண்டா என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஆடுவதென்றால், இரண்டு இடத்துக்கும் முதலே சொல்லிவிடுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஜேர்சிக்கும் பெயர் கொடுத்தால் இரண்டு இடத்திலும் வாங்கு மேல்தான் உட்காருவீர்கள்.

10. வர்ணம், சான்றிதழ், பாஸ்போர்ட்

வர்ணம் கொடுக்கும்போது பயிற்சிக்கு வந்த வரவு, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடியது, பெற்ற இடம் ஆகியவை பார்க்கப்படும். வரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைக்க மறக்கவேண்டாம், ஆடியவர் பலர் இதில்தான் வழுக்குவார்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பெறுபேற்றுத் தாளைப் படம் எடுத்துத் திகதியோடு சேமியுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயரைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தக் கொடுங்கள், வருடம் போனபிறகு பட்டியலைத் தேட ஆள் கிடையாது.

மிகத் திறமையானவர்களுக்கு உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழா வரை வழி உண்டு. அதில் வயது எல்லை 18 முதல் 25. நம் நாட்டில் உயர்தரம் எழுதி, பெறுபேறுக்குக் காத்து, அனுமதிக்குக் காத்து, உள்ளே நுழையும்போதே பலருக்கு 21, 22. ஆக, உங்களுக்கு மிஞ்சுவது மூன்று நான்கு வருடம். தேர்வு அறிவிப்பு வந்தபிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடினால் நேரம் போதாது. முதல் வருட விடுமுறையிலேயே எடுத்துவிடுங்கள். கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து வருபவர்கள் பத்தரமுல்லைத் தலைமைக் காரியாலயத்தை வார நாளில் முடித்துக்கொள்ளலாம், வடக்கு ஆட்களுக்கு வவுனியாக் காரியாலயம் இருக்கிறது. ஒருநாள் சேவைக்கு சாதாரண சேவையைப் போல இரட்டிப்புக் காசு. அங்கே எழுதும் பெயரும் பல்கலைக்கழகப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பட்டம் முடிக்கும்போது நூலகம், விடுதி போலவே உடற்கல்வித் துறையிடமும் பாக்கி இல்லை என்று கையெழுத்துக் கேட்பார்கள். இரவல் வாங்கிய மட்டை, வலை, ஜேர்சி எதுவும் உங்கள் பெயரில் நிற்கக்கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது புத்தகத்தில் வெட்டச் சொல்லுங்கள், வெட்டியதைப் படம் எடுங்கள். கடைசி வருடப் பரீட்சை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரு கையெழுத்துக்காக மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.